தேர்தல் வரும்போதும் வட்டி மாறும்போதும் நெல் பணத்தைச் சந்தையில் போடுவது எப்படி?

சம்பா அறுத்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டையை இறக்கி, பணம் வங்கிக் கணக்கில் ஏற மாசி, பங்குனி ஆகிவிடும். பட்ஜெட் முடிந்திருக்கும், ரிசர்வ் வங்கியின் அடுத்த வட்டி அறிவிப்பு ஏப்ரலில் காத்திருக்கும், தேர்தல் ஆண்டாக இருந்தால் சித்திரை, வைகாசியில் வாக்குப்பதிவும் வந்துவிடும். டெல்டாக்காரர் கையில் பணம் புரள்வதும் சந்தை ஆட்டம் போடுவதும் ஒரே நேரத்தில்தான். முதல்முறையாகச் சந்தைக்கு வருபவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் சறுக்குகிறார்கள். யார் ஜெயிப்பார்கள், வட்டி ஏறுமா என்ற கணிப்புக்கு இங்கே இடமில்லை. அது தெரியாமலே என்னென்ன செய்து வைக்கலாம் என்பதுதான் விஷயம்.

1. பணத்தைப் பிரித்து வையுங்கள்

கணக்கு தொடங்கும் முன்பே செய்ய வேண்டிய வேலை இது. மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் நாள் ஜூன் 12. குறுவை போடுபவருக்கு விதை, நாற்றங்கால், உழவுக் கூலி எல்லாம் அதையொட்டி வந்து நிற்கும். பள்ளிக் கட்டணமும் அதே ஜூனில். சம்பா, தாளடிக்கு ஆகஸ்ட் முதல் அக்டோபர் வரை மறுபடி செலவு. ஆக, மார்ச்சில் வந்த பணத்தில் ஒரு பெரும்பங்கு எட்டு மாதத்துக்குள் வயலுக்கே திரும்பப் போகிறது. அதில் ஒரு ரூபாய்கூடப் பங்குச் சந்தைக்குப் போகக் கூடாது.

ஒரு தாளில் மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். எட்டு மாதத்துக்குள் வேண்டியது, மூன்று ஆண்டுக்குள் வேண்டியது (கல்யாணம், வீட்டு வேலை), ஐந்து ஆண்டுக்குத் தேவைப்படாதது. மூன்றாவது பத்தியில் உள்ள தொகைக்கு மட்டும்தான் தேர்தல், வட்டி என்ற பேச்சே.

முதல் பத்திக்குச் சேமிப்புக் கணக்கு, குறுகிய கால டெபாசிட், லிக்விட் ஃபண்டு (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணத்தைப் போடும் ஃபண்டு) போதும். பலருக்குத் தெரியாத ஒரு வழி கருவூல உண்டியல், அதாவது அரசு குறுகிய காலத்துக்குக் கடன் வாங்கத் தரும் பத்திரம். ரிசர்வ் வங்கியின் ரீட்டெயில் டைரக்ட் தளத்தில் கட்டணம் இல்லாமல் கணக்கு தொடங்கி, குறைந்தது 10,000 ரூபாய்க்கு வாங்கலாம். 91 நாள், 182 நாள், 364 நாள் என்று மூன்று வகை. ஏலம் பொதுவாகப் புதன்கிழமை. மார்ச் முதல் வாரத்தில் 91 நாள் உண்டியல் வாங்கினால் ஜூன் முதல் வாரத்தில், தண்ணீர் வரும் முன்பே, பணம் கைக்கு வந்துவிடும்.

இரண்டாம் பத்தியை டெபாசிட்டில் போடும்போது மொத்தத்தையும் ஒரே ரசீதாகப் போடாதீர்கள். இடையில் உடைத்தால் பல வங்கிகள் வட்டியில் அரை முதல் ஒரு சதவீதம் பிடிக்கும். 3 லட்சத்தை மூன்று ரசீதாகப் போட்டால், அவசரத்துக்கு ஒன்றை மட்டும் உடைத்துக்கொள்ளலாம். ஒரு வங்கியில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் வரைதான் டெபாசிட் காப்பீடு என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொன்று. பயிர்க்கடன் 7 சதவீதம், ஒழுங்காகக் கட்டினால் 4 சதவீதம்தான், அதை எடுத்துப் பங்கில் போட்டால் லாபம்தானே என்று கணக்குச் சொல்பவர்கள் ஊருக்கு ஒருவர் உண்டு. பயிருக்கு வாங்கிய கடனை வேறு எதற்கும் திருப்பக் கூடாது என்பது ஒருபுறம். தவணைத் தேதியும் சந்தை சரிந்த வாரமும் ஒன்றாக வந்தால், நஷ்டத்தில் விற்றுத்தான் கடனைக் கட்ட வேண்டியிருக்கும். வட்டிச் சலுகையையும் சேர்த்து இழப்பீர்கள்.

2. ஆவணங்கள்: பெயரில்தான் சிக்கல்

தேவையானவை: பான் அட்டை, ஆதார், ஆதாரோடு இணைந்த கைபேசி எண், பெயர் அச்சிட்ட ரத்து செய்த காசோலை அல்லது பாஸ்புக் முதல் பக்கம், வெள்ளைத் தாளில் கையெழுத்து, புகைப்படம். வருமானச் சான்று சாதாரணப் பங்குக்கும் மியூச்சுவல் ஃபண்டுக்கும் வேண்டியதில்லை. ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் (பங்கின் வருங்கால விலையை வைத்துச் செய்யும் ஒப்பந்தங்கள்) பிரிவைத் திறக்கத்தான் அது வேண்டும். திறக்கவே வேண்டாம் என்று எட்டாம் பகுதியில் சொல்லப்போகிறேன்.

நம் ஊரில் விண்ணப்பம் மாட்டிக்கொள்வது இனிஷியலில். ஆதாரில் ‘சு. முருகேசன்’, பானில் தகப்பனார் பெயரை விரித்து ‘சுப்பிரமணியன் முருகேசன்’, வங்கியில் வெறும் ‘முருகேசன்’ என்று இருந்தால் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு நிறுத்தி வைக்கப்படும். எதை எதற்கு ஏற்ப மாற்றுவது? ஆதாரை அடிப்படையாக வைத்துப் பானைத் திருத்துங்கள், பிறகு வங்கியில் இரண்டையும் காட்டிப் பெயரை மாற்றுங்கள். ஆதாரிலேயே எழுத்துப் பிழை இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள். வரிசை மாறினால் ஒரே வேலையை இரண்டு முறை செய்ய நேரும்.

வங்கிக் கணக்கிலும் ஒரு கண்ணி உண்டு. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தின் சேமிப்புக் கணக்கை நம்பி இறங்காதீர்கள். ஐஎஃப்எஸ்சி எண்ணும், யுபிஐ அல்லது இணைய வங்கி வசதியும் உள்ள வங்கிக் கணக்காக இருக்கட்டும். வெளிநாட்டில் வேலை பார்க்கும் மகன் பெயரில் இங்கே பழைய சேமிப்புக் கணக்கு இருந்தால் அதை என்ஆர்ஓ (வெளிநாடுவாழ் இந்தியருக்கான) கணக்காக மாற்றியாக வேண்டும். உள்ளூர்வாசி என்று எழுதிக் கணக்கு தொடங்கினால் பிறகு வம்பு.

வாரிசுதாரர் பெயரை அன்றைக்கே எழுதுங்கள். ‘பிறகு’ என்ற பொத்தானை அழுத்தாதீர்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் டீமேட் கணக்கு (பங்குகளை மின்னணு வடிவில் வைக்கும் கணக்கு) ஓரிரு நாளில் திறந்துவிடும். பெயர்த் திருத்தம் இருந்தால் வாரக் கணக்கில் இழுக்கும். தேர்தல் முடிவுக்கு முந்தைய வாரம் கணக்கு தொடங்க ஓடுவதைவிடத் தை மாதமே தொடங்கிச் சும்மா வைத்திருக்கலாம். 4 லட்சம் ரூபாய்க்குள் இருப்பு உள்ள அடிப்படைச் சேவை டீமேட் கணக்குக்கு ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் கிடையாது. உங்களுடையது அந்த வகைதானா என்று கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. செலவுக் கணக்கு

50,000 ரூபாய்க்குப் பங்கு வாங்கிக் கணக்கில் வைத்தால் பரிவர்த்தனை வரி 0.1 சதவீதம், 50 ரூபாய். முத்திரைத் தீர்வை 0.015 சதவீதம், 7 ரூபாய் 50 காசு. விற்கும்போது மறுபடி 0.1 சதவீதம். அதோடு ஒவ்வொரு நிறுவனப் பங்குக்கும் டெபாசிட்டரி (பங்குகளை மின்னணு வடிவில் வைத்திருக்கும் அமைப்பு) கட்டணம் உண்டு. தரகு நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி. பத்துப் பங்கில் ஐயாயிரம் ஐயாயிரமாகப் பிரித்துப் போட்டு ஒரே நாளில் விற்றால் இந்தக் கட்டணம் பத்து முறை விழும்.

மியூச்சுவல் ஃபண்டில் டைரக்ட் (நேராக வாங்குவது), ரெகுலர் (முகவர் வழியாக வாங்குவது) என்று இரண்டு உண்டு. ரெகுலரில் முகவரின் கமிஷன் ஆண்டுதோறும் உங்கள் பணத்திலிருந்தே போகும். விற்கச் சொல்லும் நேரத்தில் ‘விற்காதீர்கள்’ என்று தடுக்கும் முகவர் வாய்த்தால் அந்தக் கமிஷன் தகும். ஒவ்வொரு தேர்தலுக்கும் ஒரு ஃபண்டிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றச் சொல்பவராக இருந்தால் தகாது. பங்கு ஃபண்டுகள் பலவற்றில் ஓராண்டுக்குள் எடுத்தால் 1 சதவீதம் வெளியேற்றக் கட்டணம் உண்டு.

4. தேதிகளை நாட்காட்டியில் குறியுங்கள்

*ரிசர்வ் வங்கி:* நிதிக் கொள்கைக் குழு வழக்கமாக இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கூடும். நிதியாண்டு முழுவதற்குமான தேதிகள் முன்கூட்டியே வந்துவிடும். கூட்டத்தின் கடைசி நாள் காலை 10 மணிக்கு ஆளுநர் அறிவிப்பார். அப்போது சந்தை திறந்து முக்கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

*அமெரிக்க ஃபெடரல் ரிசர்வ்:* ஆண்டுக்கு எட்டுக் கூட்டம். அறிவிப்பு நம் நேரப்படி கோடையில் இரவு 11.30, குளிர்காலத்தில் நள்ளிரவு 12.30. நம் சந்தை மறுநாள் காலை 9.15க்குத்தான் அதைக் காட்டும். விழித்திருந்து பயனில்லை.

*இந்தியத் தேர்தல்:* வாக்குக் கணிப்புகளைக் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு முடிந்து அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியிடலாம். எனவே முதல் ஆட்டம் அதற்கு அடுத்த வேலைநாளில், இரண்டாவது ஆட்டம் வாக்கு எண்ணும் நாளில். எண்ணிக்கை காலை 8 மணிக்குத் தொடங்கும், முதலில் அஞ்சல் வாக்குகள். 9.15க்குச் சந்தை திறக்கும்போது போக்கு தெளிவாகியிருக்காது.

*அமெரிக்கத் தேர்தல்:* நவம்பரில் முதல் திங்களுக்கு அடுத்த செவ்வாய். முடிவுகள் நமக்குப் புதன் காலையில், நம் சந்தை நடக்கும்போதே வரும். 2026 நவம்பர் 3 அன்று அங்கே இடைக்காலத் தேர்தல்.

ஒரு சின்ன விஷயம் பலரைக் குழப்பும். தமிழ்நாட்டில் வாக்குப்பதிவு நாளில் நம் ஊர் வங்கிக் கிளை மூடியிருக்கும், பங்குச் சந்தை திறந்திருக்கும். 2024 ஏப்ரல் 19 அப்படித்தான். மும்பையில் வாக்குப்பதிவு நடந்த 2024 மே 20 அன்று இங்கே வங்கி திறந்திருந்தது, சந்தை மூடியிருந்தது. காசோலை கொடுத்துவிட்டு அன்றே யூனிட் கிடைக்கும் என்று காத்திருக்காதீர்கள்.

5. அறிவிப்புக்கும் விலைக்கும் உள்ள உறவைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள். நல்ல செய்தியா கெட்ட செய்தியா என்று சந்தை பார்ப்பதில்லை. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் எவ்வளவு இடைவெளி என்றுதான் பார்க்கிறது. புழுங்கல் அரிசி விலை ஏறப்போகிறது என்று வியாபாரிக்கு முன்பே தெரிந்துவிட்டால் நெல்லை அவர் ஏற்கெனவே வாங்கி அடுக்கியிருப்பார். ஏற்றம் வரும் நாளில் அவர் விற்பவர்.

2024 ஜூன் 1, சனிக்கிழமை மாலை வந்த கணிப்புகள் ஆளும் கட்சிக்குப் பெரிய வெற்றி என்றன. திங்களன்று மும்பைப் பங்குச் சந்தைக் குறியீடான சென்செக்ஸ் சுமார் 2,500 புள்ளி ஏறியது. செவ்வாயன்று வந்த முடிவில் தனிப்பெரும்பான்மை இல்லை. ஆட்சி மாறவில்லை, ஆனாலும் அன்று 4,390 புள்ளி, 5.74 சதவீதம், சரிந்தது. புதன்கிழமை 2,300 ஏறி, வெள்ளிக்கிழமை 76,693ல் முடிந்தது. திங்கள் முடிவில் போட்ட 1,00,000 ரூபாய் செவ்வாய் மாலை சுமார் 94,260. வெள்ளி மாலை மறுபடி 1,00,000க்குச் சற்று மேல். செவ்வாய் மதியம் பயந்து விற்றவருக்கு மட்டும்தான் அந்த நஷ்டம் நிஜமானது.

வட்டியிலும் இதே கதைதான், கொஞ்சம் நுணுக்கமாக. 2025ல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை (வங்கிகளுக்கு அது கடன் கொடுக்கும் வட்டி) பிப்ரவரி, ஏப்ரல், ஜூன், டிசம்பர் என நான்கு முறை குறைத்து 6.50லிருந்து 5.25க்குக் கொண்டுவந்தது. ஜூன் 6 அன்று ஒரே அடியாக அரை சதவீதம், எதிர்பார்த்ததைவிட அதிகம். வட்டி குறைந்தால் பழைய கடன் பத்திரங்களின் விலை ஏறும் என்பது பாடம். ஆனால் அதே அறிவிப்பில் கொள்கை நிலைப்பாட்டை ‘இணக்கம்’ என்பதிலிருந்து ‘நடுநிலை’ என்று மாற்றினார்கள். இனி குறைக்க அதிக இடமில்லை என்று சந்தை அதைப் படித்தது, நீண்ட காலப் பத்திரங்களின் விலை இறங்கியது. ‘வட்டி குறையப் போகிறது’ என்று கேள்விப்பட்டு அந்த வாரம் நீண்ட காலக் கடன் ஃபண்டில் நுழைந்தவர்கள், வட்டி குறைந்தும் நஷ்டம் பார்த்தார்கள். எண்ணை மட்டும் பார்க்காதீர்கள், கூடவே வரும் சொல்லையும் கேளுங்கள்.

கடன் ஃபண்டு வாங்கும் முன் அதன் தகவல் தாளில் ‘மாடிஃபைட் டியூரேஷன்’ என்ற எண்ணைத் தேடுங்கள். அது 6 என்றால், சந்தை வட்டி 1 சதவீதம் ஏறும்போது மதிப்பு ஏறத்தாழ 6 சதவீதம் இறங்கும். இரண்டாம் பத்திப் பணத்துக்கு இந்த எண் 1க்கு மேல் வேண்டாம்.

தூரத்து வங்கி ஒன்றும் நம்மைத் தொடும். 2024 ஜூலை 31 அன்று ஜப்பான் மத்திய வங்கி வட்டியை 0.25 சதவீதம் ஆக்கியது. கேட்டால் சிரிப்பு வரும் எண். ஆனால் உலகம் முழுக்கப் பலர் யென்னில் மிகக் குறைந்த வட்டிக்குக் கடன் வாங்கி மற்ற நாட்டுப் பங்குகளில் போட்டிருந்தார்கள். குறைந்த வட்டிக்கு நகையை வைத்து வேறிடத்தில் போடுவதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. யென் மதிப்பு ஏற ஏறக் கடன் பாரம் கூடியது. அமெரிக்க வேலைவாய்ப்புப் புள்ளிவிவரமும் மோசமாக வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் விற்றார்கள். ஆகஸ்ட் 5 அன்று டோக்கியோவின் நிக்கேய் 12.4 சதவீதமும் சென்செக்ஸ் 2,222 புள்ளியும் விழுந்தன.

6. நுழைவு: எப்படிப் போடுவது

மூன்றாம் பத்தியில் 1,20,000 ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தத்தையும் ஒரு லிக்விட் ஃபண்டில் போட்டு, அதே நிறுவனத்தின் பரந்த குறியீட்டு ஃபண்டுக்கு (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை அப்படியே வாங்கும் ஃபண்டு) மாதம் 10,000 வீதம் பன்னிரண்டு மாதம் மாற்றும்படி எஸ்டிபி (தவணை முறை மாற்றம்) எழுதிக்கொடுங்கள். இடையில் ஒரு தேர்தலும், உள்ளூரும் வெளியூருமாகப் பத்துக்கு மேற்பட்ட வட்டி அறிவிப்புகளும் வந்து போகும். எந்த நாளிலும் நீங்கள் முடிவெடுக்க வேண்டியிருக்காது. சிறந்த விலை கிடைக்காது, உண்மைதான். மோசமான விலையில் முழுப் பணமும் மாட்டாது.

சரியும் நாளில் கூடுதலாக வாங்க ஆசைப்படுபவருக்கு ஒரு எச்சரிக்கை. ஃபண்டில் காலை 11 மணிக்குப் பார்த்த தாழ்ந்த விலை கிடைக்காது. அன்று சந்தை முடியும்போது உள்ள மதிப்புதான். அதுவும் உங்கள் பணம் பிற்பகல் 3 மணிக்குள் ஃபண்டு நிறுவனத்தின் கணக்கைச் சேர்ந்திருந்தால் மட்டும். வங்கியில் கழிந்த நேரம் கணக்கில் வராது. 2 மணிக்கு மேல் அனுப்பிய பணம் பல நேரம் மறுநாள் விலைக்குப் போகிறது.

7. துபாய், சிங்கப்பூர் பணம்

திர்ஹாம், சவுதி ரியால், கத்தார் ரியால், ஓமன் ரியால், பஹ்ரைன் தினார் எல்லாம் டாலரோடு கட்டப்பட்டவை. 1 டாலர் 3.6725 திர்ஹாம். ஆகவே துபாயிலிருந்து வரும் பணத்தின் மதிப்பை நிர்ணயிப்பது டாலர்–ரூபாய் விலைதான். டாலர் 85 ரூபாய் என்றால் திர்ஹாம் 23.14, டாலர் 90 என்றால் 24.51. 5,000 திர்ஹாம் அனுப்பினால் சுமார் 6,800 ரூபாய் வித்தியாசம். ஃபெடரல் அறிவிப்பும் அமெரிக்கத் தேர்தலும் மன்னார்குடிக்கும் கூத்தாநல்லூருக்கும் வந்து சேரும் வழி இது. குவைத் தினார் மட்டும் பல நாணயங்கள் சேர்ந்த கூடையோடு கட்டப்பட்டது.

சிங்கப்பூர் வேறு வகை. அங்கே மத்திய வங்கி வட்டியைவிட நாணய மதிப்பின் போக்கையே கொள்கையாக அறிவிக்கும். ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபரில் அறிக்கை வரும்.

விலை ஏறட்டும் என்று மாதக் கணக்கில் அங்கேயே வைத்திருப்பது சூதாட்டம். வீட்டுச் செலவுக்கானதை மாதாமாதம் அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பும் கட்டணத்தைவிட, அனுப்பும் நிறுவனம் தரும் விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளியில்தான் பெரும்பணம் போகும். இரண்டையும் சேர்த்து, ‘இவ்வளவு கொடுத்தால் ஊரில் எவ்வளவு ரூபாய் விழும்’ என்று மட்டும் கேட்டு ஒப்பிடுங்கள்.

வெளிநாட்டுப் பங்கை நேரடியாக வாங்க நினைத்தால், ஒரு நிதியாண்டில் ஒருவர் 2,50,000 டாலர் வரை அனுப்பலாம். 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம் முன்வரி பிடிப்பார்கள். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும். ஒரே ஒரு அமெரிக்கப் பங்கு வைத்திருந்தாலும் வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையை நிரப்பியாக வேண்டும். சின்னத் தொகைக்கு இந்தத் தலைவலி தேவையில்லை என்பது என் கருத்து.

8. தேர்தல் காலத்துக் கண்ணிகள்

முடிவு நாளுக்கு முன் ஆப்ஷன் வாங்கி ஒரே நாளில் மூன்று மடங்கு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும். தேர்தலுக்கு முன் நிச்சயமின்மை கூடுவதால் ஆப்ஷன் விலையே ஊதிப் போயிருக்கும். முடிவு வந்ததும் அந்தக் காற்று இறங்கிவிடும். திசையைச் சரியாகச் சொன்னவரும் பணம் இழப்பது இதனால்தான். 2022 முதல் 2024 வரையிலான மூன்று நிதியாண்டுகளில் இதில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டதாகப் பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபியே ஆய்வு செய்து சொன்னது.

ஆலோசனை சொல்பவரிடம் செபி பதிவு எண் கேளுங்கள். தரகருக்கு ‘ஐஎன்இசட்’, முதலீட்டு ஆலோசகருக்கு ‘ஐஎன்ஏ’, ஆய்வாளருக்கு ‘ஐஎன்ஹெச்’ என்று தொடங்கும். எண்ணைச் சொன்னாலும் செபி தளத்தில் தேடிப் பாருங்கள். அடுத்தவர் எண்ணைப் போட்டுக்கொள்வது சகஜம். தனிநபர் கணக்குக்கு யுபிஐயில் பணம் அனுப்பச் சொன்னால் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

நடத்தை விதிகள் அமலில் இருக்கும்போது 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கத்தோடு போனால் பறக்கும் படை நிறுத்திக் கணக்குக் கேட்கும். வங்கியில் எடுத்த சீட்டு, வியாபாரியிடம் நெல் விற்ற ரசீது, எதற்காகக் கொண்டுபோகிறீர்கள் என்பதற்கான தாள், மூன்றும் சட்டைப் பையில் இருக்கட்டும். பறிமுதல் செய்தால் ரசீது வாங்காமல் நகராதீர்கள்.

தங்கத்துக்கும் இந்த விஷயங்கள் பொருந்தும். 2024 ஜூலை 23 பட்ஜெட்டில் இறக்குமதித் தீர்வை 15லிருந்து 6 சதவீதமாகக் குறைந்ததும் விலை சட்டென்று இறங்கியது. பட்ஜெட்டுக்கு முந்தைய நாள் முழுக் கல்யாண நகையையும் வாங்கி முடிக்காதீர்கள். பாதியை முன்னும் பாதியைப் பின்னும் வாங்குங்கள்.

9. விற்ற பிறகு வரி

விவசாய வருமானத்துக்கு வரி இல்லை. அதைப் போட்டு வந்த பங்கு லாபத்துக்கு உண்டு. பங்கையும் பங்கு ஃபண்டையும் ஓராண்டுக்குள் விற்றால் லாபத்தில் 20 சதவீதம். ஓராண்டைத் தாண்டினால் ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரியில்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். 2023 ஏப்ரல் 1 முதல் வாங்கிய கடன் ஃபண்டின் லாபம் மற்ற வருமானத்தோடு சேரும். எஸ்டிபியில் ஒவ்வொரு மாற்றமும் லிக்விட் ஃபண்டை விற்றதாகத்தான் கணக்கு.

விவசாய வருமானம் 5,000 ரூபாயைத் தாண்டினால் வருமான வரிக் கணக்குக்கான எளிய ஐடிஆர்-1 படிவம் செல்லாது, ஐடிஆர்-2 போட வேண்டும். சிட்டா நகல், கொள்முதல் ரசீதுகள், தரகு நிறுவனம் ஏப்ரலில் தரும் மூலதன லாப அறிக்கை ஆகியவற்றை ஒரே உறையில் வைத்தால் ஜூலை 31க்குள் கணக்கு முடிக்க ஒரு மதியம் போதும். நஷ்டம் இருந்தாலும் அந்தத் தேதிக்குள் தாக்கல் செய்யுங்கள். அப்போதுதான் அதை அடுத்த எட்டு ஆண்டு லாபத்தில் கழிக்க முடியும்.